திரைக்கு முன் – அத்தியாயம் 9: கண்ணாடிப் பொம்பளை

மடிக்கணினியின் கடவுச்சொல்லைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அகபா ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போன ஹனாதியைப் போன வாரம் நீங்கள் திட்டியிருப்பீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் கூடப்பிறந்தவன் வாசலில் வந்து நின்று, "அக்கா, படத்தையெல்லாம் குப்பையாட்டம் கொட்டி வெச்சிருக்கியே, நீ வர்றதுக்குள்ள ஒழுங்குபடுத்தித் தர்றேன்" என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? அதிலும் குதைபா. தன் துணியையே மடிக்கத் தெரியாதவனுக்கு அக்காவின் படங்களை அடுக்கித் தர ஆசை வந்ததே என்று அவள் நெகிழ்ந்துகூடப் போனாள்.

அந்த நெகிழ்ச்சி இன்று காலையோடு போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை. இர்பித் நகரத்துத் தெரு இன்னும் விழிக்கவில்லை. சமையலறையில் அம்மா, உம்மு குதைபா, அரிசியும் கறியும் திணிப்பதற்காகக் கூசாக் காய்களைக் குடைந்துகொண்டிருந்தாள். மூத்தவள் ஹனாதிதான். ஆனாலும் ஊர் அந்த அம்மாளை மகன் பெயரை வைத்து 'உம்மு', அதாவது தாய், என்றுதான் கூப்பிடும்; தகப்பன் என்றால் 'அபூ'. அதில் ஹனாதிக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை, இன்று காலை வரைக்கும்.

புருஷன் வீட்டிலிருந்து விவாகரத்து வாங்கித் திரும்பியவள், கேமராவும் கணினியுமாகத் தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டவள் ஹனாதி. கல்யாணங்களில், பெண்களுக்கு மட்டுமான மண்டபத்தில் படம் எடுக்கும் வேலை. சாதாரண வேலை இல்லை அது. வாசலிலேயே எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். உள்ளே முக்காடு, மேலங்கி எல்லாம் கழன்றுவிடும். கூந்தலை விரித்துவிட்டு, கை தெரிய, முதுகு தெரிய ஆடுவார்கள். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும் நேரம் ஒருத்தி மைக்கைப் பிடித்து "மூடுங்க, மூடுங்க!" என்று கத்துவாள். ஒரே நொடியில் எல்லாத் தலையிலும் துணி ஏறிவிடும்.

அந்தக் கத்தலுக்கு முன்னால் எடுத்தவை ஒரு கோப்புறை. பின்னால் எடுத்தவை இன்னொரு கோப்புறை. 'திரைக்கு முன்', 'திரைக்குப் பின்' என்று ஹனாதி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். பின்னது யாருக்கு வேண்டுமானாலும் போகும். முன்னது மணமகளின் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் போகாது. இந்த ஒரு வாக்கை நம்பித்தான் இர்பித்தின் தாய்மார்கள் அவளை மண்டபத்துக்குள் விட்டார்கள். வாக்கு போனால் கேமராவைக் காயலான் கடையில் போடவேண்டியதுதான்.

அகபாவில் எடுத்த கார்டைக் கணினியில் செருகினாள். அவளுடையது லினக்ஸ். வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த பென்டிரைவ்களிலிருந்து வைரஸ் ஏறி ஒரு கல்யாணம் மொத்தமும் அழிந்துபோனபின், பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மணப்பெண் போட்டுக் கொடுத்தது அது. கேமரா தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொண்டே போகும், பத்தாயிரத்தை எட்டினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் கட்டளை அடிக்கும் கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தால் போதும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் புதைந்திருக்கும் தேதியையும் மணியையும் கணினியே படித்து, அதையே பெயராக வைத்துவிடும். ஆயிரம் படமானாலும் ஒரு மூச்சுதான்.

அந்த நீள வரியை ஹனாதி எந்த நாளும் முழுசாக அடித்ததில்லை. மேலே போகும் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்த வரி தானே வந்து நிற்கும். இன்றும் தட்டினாள்.

வந்து நின்றது அவள் வரி இல்லை.

அது நகல் எடுக்கும் கட்டளை. எதை என்றால், 'திரைக்கு முன்' கோப்புறையை, மொத்தமாக. எங்கே என்றால், 'தஜ்வீத்' என்ற பென்டிரைவுக்கு.

அந்தப் பென்டிரைவை அவளுக்குத் தெரியும். பச்சை நிறம். குர்ஆனை எழுத்துச் சுத்தமாக ஓதக் கற்றுக்கொடுக்கும் உம்மு ஷிஹாப், தன் பாடங்களைப் பதிந்து வகுப்புக்கு வரும் பெண்களிடம் சுற்றுக்கு விடுவது. ஓதல் பாடத்தோடு கூந்தல் அவிழ்ந்த பெண்களா? ஹனாதி அந்த வரியை மறுபடி படித்தாள். கோப்புறையைப் பட்டியல் போடச் சொன்னாள்.

தேதிகளைக் காணோம். அத்தனை பெயரும் அரபு எழுத்தில் இருந்தது. அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு அரபு ஒழுங்காகக் காட்டத் தெரியாது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், முன்பின் மாறி, இடமிருந்து வலமாகச் சிதறி நிற்கும். ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோத்துத்தான் படிக்கவேண்டும். ஹனாதி கோத்தாள்.

'அபூ-நவ்ரஸ்-இளைய-மகள்-பால்-நிறம்-படிக்கிறாள்.' அது மட்டும் ஒரு தனிக் கோப்புறை.

அடுத்த வரி: 'அபூ-தைசீர்-மகள்-குட்டை-அப்பா-வளைகுடாவில்.'

அதற்கும் அடுத்தது: 'பல்-சரியில்லை-ஆனால்-ஒரே-பெண்.'

வரிக்கு வரி கோத்துக்கொண்டே போனாள். 'இடுப்பு-பெரிது-பிள்ளை-நிறையப்-பெறுவாள்' என்று ஒன்று. 'முகம்-சுமார்-நகை-அதிகம்' என்று ஒன்று. சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பார்ப்பவன்கூட இவ்வளவு எழுதி வைக்கமாட்டான். கிளாஸில் ஊற்றி வைத்திருந்த டீ ஆறிப்போய்விட்டது, அதைத் தொடக்கூடக் கூசியது.

எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"உம்மா, உம்மு ஷிஹாபோட பென்டிரைவ் எங்க?"

"எது, பச்சையா? அதைப் புதன்கிழமையே கொடுத்துட்டேனே. ஏன்?"

"அதுல என்ன இருந்துச்சு?"

"ஓதற பாடம்."

"வேற?"

காயைக் குடைந்துகொண்டிருந்த கை நின்றது. "வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதே. டீ குடிச்சியா?"

"வேற என்ன இருந்துச்சுன்னு கேக்கறேன்."

"ஏன் இப்படிக் கத்தறே? பொம்பளைங்க பார்த்தா என்ன குறைஞ்சு போச்சு? உம்மு ஷிஹாப் பொம்பளைதானே? அவளும் தம்பிக்குப் பொண்ணு தேடறா, நானும் பையனுக்குத் தேடறேன். எந்தத் தாய் தேடல? உங்க வாப்பாவோட உம்மா என்னைப் பார்த்தது எங்கேங்கறே? நாப்ளூஸ்ல, ஹம்மாம்ல, பொதுக் குளியல் கூடத்துல. என் மேல ஒரு துண்டுதான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அவங்க பார்த்துட்டு எழுந்து போனாங்க உம்மா. உன்னைப் பெட்டிக்குள்ள போட்டுத் தெருவுக்குக் கொண்டு போகல."

"ரொம்பப் பேசாதே."

"'பல் சரியில்லை, ஆனால் ஒரே பெண்'. இது யாரு வாய்? குதைபாவுக்கு இப்படியெல்லாம் பேச வராது. நீதான் பக்கத்துல உக்கார்ந்து சொல்லியிருக்கே."

"எனக்கு எங்கடி கண்ணு தெரியுது? கண்ணாடி உடைஞ்சு ரமலானுக்கு முன்னாடியே போயாச்சு. நிறம், உயரம், பல்லு எல்லாம் அவன்தான் பார்த்துப் பார்த்துச் சொன்னான். அதைக் கேட்டு, இது யாரு வீட்டுப் பொண்ணுன்னு மட்டும் நான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அந்த அம்மாளுக்கே உறைத்தது போலிருக்கிறது. குனிந்து காயை மறுபடி குடைய ஆரம்பித்தாள். காயின் அடி ஓட்டையாகிப் போயிற்று. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

ஹனாதி கதவைப் பிடித்துக்கொண்டாள். தேதியைப் பெயராக வைக்க எந்தக் கண்ணும் வேண்டாம். ஒரு படத்தைக்கூடத் திறக்காமல் கணினி தானே செய்துவிடும். 'பால் நிறம்' என்று வைக்க, ஒரு மனிதன் ஒவ்வொரு படத்தையும் திறந்து, பெரிதாக்கி, உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும். அவளை நம்பித் துணி கழற்றியவர்களை, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தம்பி பார்த்திருக்கிறான். பக்கத்தில் பெற்ற தாய்.

"சீ" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் குதைபா எழுந்து வந்தான். கைபேசிக் கடை ஒன்றில் ரிப்பேர் பார்ப்பவன், தெருவுக்குள் எஞ்சினியர் என்று பேர். முப்பத்து மூன்று வயது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்துக் கடித்தான்.

"வெள்ளிக்கிழமையும் மனுஷனைத் தூங்க விடமாட்டீங்களா? என்ன சத்தம்?"

"என் படத்தையெல்லாம் என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"ஒழுங்கு பண்ணி வெச்சிருக்கேன்." வாயில் வெள்ளரியோடு சிரித்தான். "முன்னாடி ஒரு படம் தேடணும்னா என்ன தேதி, எத்தனை மணின்னு மண்டையைப் பிச்சுக்கணும். இப்ப தேடற இடத்துல 'உயரம்'னு அடிச்சுப் பாரு. உயரமானவங்க எல்லாம் வரிசையா வந்து நிப்பாங்க."

"வந்து நிப்பாங்களா?"

"ஆமா. 'பால் நிறம்'னு அடி, அது ஒரு வரிசை. எத்தனை நாள் முதுகு ஒடிய உக்கார்ந்தேன் தெரியுமா? இதைக் கட்டளை போட்டுச் செய்ய முடியாதுக்கா. ஒத்தை ஒத்தையாப் பார்த்துத்தான் வைக்கணும்."

"வெக்கமா இல்லை உனக்கு?"

"எதுக்கு வெக்கம்? பேர்தானே மாத்தினேன், படத்தையா மாத்தினேன்?"

"அபூ நவ்ரஸ் வீட்டுச் சின்னப் பொண்ணுக்கு மட்டும் தனிக் கோப்புறை போட்டிருக்கியே, அது எதுக்கு?"

வெள்ளரியை மெல்லுவதை நிறுத்தினான். காது சிவந்தது. பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"லுஜைன்தான் நமக்குன்னு முடிவு பண்ணியாச்சு. நல்ல குடும்பம். பொண்ணு பல்கலைக்கழகத்துல படிக்குது. நீ குறுக்கே விழாதே ஹனாதி. உன் வாழ்க்கை போனது போகட்டும், அவனாவது நல்லா இருக்கட்டும்."

லுஜைனின் தாய் உம்மு நவ்ரஸ்தான் ஹனாதிக்கு முதல் கல்யாணத்தைக் கொடுத்தவள். விவாகரத்தானவள் மணமேடைப் பக்கம் வரலாமா என்று மற்றவர்கள் மூக்கைச் சுளித்தபோது, "என் மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு இவதான் எடுப்பா, பிடிக்காதவங்க வெளியில உக்காருங்க" என்று சொன்னவள். அந்தக் கல்யாணத்தில் அக்காவுக்காக லுஜைன் ஆடிய ஆட்டம்தான் இப்போது தனிக் கோப்புறையாகத் தம்பியின் கையில் இருந்தது.

"அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றாள் ஹனாதி.

"யாரு சொல்லப் போறா?" என்றாள் அம்மா. "அந்தப் பேரையெல்லாம் பழையபடி மாத்திடு. ஒரு வரி அடிச்சாப் போதும்னு நீதானே சொல்லுவே? மாத்திட்டு வாயை மூடிக்கோ. முடிஞ்சுது."

"பேரு மாறிடும் உம்மா. இவன் பார்த்தது?"

"ஐயோ, பெரிய கண்ணு, பெரிய பார்வை!" குதைபா வெள்ளரிக் காம்பைத் தொட்டியில் எறிந்தான். "நான் குளிச்சுட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போகணும். இவ பொலம்பிக்கிட்டே இருப்பா."

குளித்தான். இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டான். கழுத்தில் அத்தர் தடவிக்கொண்டு, ஹனாதியைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றான்.

"இப்ப என்னதான் பண்ணப் போறே?"

"பென்டிரைவை வாங்கப் போறேன். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே சொல்லுவேன். உம்மு நவ்ரஸுக்குத்தான் முதல்ல."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அந்த வாசனை மட்டும் கூடத்தில் தங்கியிருந்தது. ஹனாதி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் திரும்பும் நேரத்துக்கு அவள் உம்மு ஷிஹாபின் வீட்டு மணியை அடித்தாள். கதவு திறந்தவுடன் கட்டிப்பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் நாலு என்று முத்தம்.

"வா மகளே, வா என் கண்ணு! நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். உள்ள வா."

"இல்லை உம்மு ஷிஹாப், நிக்க நேரமில்லை. அந்தப் பச்சைப் பென்டிரைவ்—"

"வாங்கறேன்னு சொன்னா வாங்கிட்டுப் போ. வாசல்ல நின்னா கேப்பாங்க? வா வா."

கூடத்தில் சோபா முழுவதையும் அடைத்துக்கொண்டு அவள் மகன் ஷிஹாப் சாய்ந்திருந்தான். தொழுதுவிட்டு வந்த அங்கியைக்கூட மாற்றவில்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொப்பைமேலேயே தோலைத் துப்பிக்கொண்டிருந்தான். எதிரே சுவரளவு டிவி. அதன் பக்கவாட்டில் பச்சைப் பென்டிரைவ் செருகி, அதன் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

ஹனாதியைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கவில்லை. சிரித்தான்.

"உம்மா, யாரு வந்திருக்கா பாரு! கண்ணாடிப் பொம்பளை!"

"சும்மா இருடா" என்றாள் உம்மு ஷிஹாப், கோபமே இல்லாமல்.

ஹனாதிக்குப் புரியவில்லை. அவள் கண்ணாடி போடுவதில்லை. "யாரு கண்ணாடிப் பொம்பளை?"

"அவன் கிடக்கறான், விடு. நல்ல சேதி சொல்லணும்னுதான் இருந்தேன். என் தம்பி அபூ மாஜிதைத் தெரியுமில்லே? ரம்தா ரோட்டுல கோழிப் பண்ணை. பெண்டாட்டி தவறிப்போய் அஞ்சு பிள்ளைங்களோட தவிக்கறான். நேத்து சாப்பிட வந்தவன் இங்கதான் உக்கார்ந்து பார்த்தான். ஒவ்வொண்ணா வந்துச்சு. சின்னப் பொண்ணுங்களையெல்லாம் வேணாம்னுட்டான், நல்ல மனுஷன். ஒண்ணு வந்தப்போ மட்டும் 'நிறுத்து'ன்னான்."

"ஆம்பளைங்க பார்த்தாங்களா?" ஹனாதியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இந்தக் கூடத்துல? இந்த டிவில?"

"அவன் என் தம்பி! அந்நியனா?"

உம்மு ஷிஹாப் ரிமோட்டை எடுத்தாள். பழகிய கட்டைவிரல் நாலைந்து தட்டுத் தட்டியது. திரையில் பெண்கள் வந்து வந்து போனார்கள். தெரிந்தவர்கள். கூந்தலோடு, கழுத்தோடு, சிரிப்போடு. சோபாவில் விதை கொறிக்கும் சத்தம் நிற்கவேயில்லை. ஒரு படத்தில் கட்டைவிரல் நின்றது.

மண்டபத்து ஒப்பனை அறை. மணப்பெண் குனிந்து கிரீடத்தைச் சரிசெய்கிறாள். பின்னால் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் கேமராவும் கையுமாக ஒருத்தி, கையில்லாத கருஞ்சிவப்பு உடையில், கூந்தல் தோளில் விழ. ஹனாதி.

அந்தப் படத்தை அவள் அப்போதே அழித்திருக்கலாம். மணப்பெண்ணின் முகம்கூட அதில் சரியாக விழவில்லை. விவாகரத்துக்குப் பின் முதல்முறையாகத் தன்னைப் பார்த்துத் தனக்கே பிடித்திருந்தது என்பதற்காகத்தான் வைத்திருந்தாள்.

படத்தின் அடியில் பெயர். டிவியில் அரபு எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து, அழகாக, பெரிதாக வந்தன. எதையும் கோத்துப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை.

'விவாகரத்தானவள்-பிள்ளை-இல்லை-சொந்தக்-கார்-சம்பாதிக்கிறாள்.'

"உன் உம்மா பெரிய மனசுக்காரி" என்று உம்மு ஷிஹாப் சொல்லிக்கொண்டிருந்தாள். "'வீட்டுல தேங்கிப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு, உன் தம்பி கண்ணுல காட்டு'ன்னு அவதான் சொல்லிக் கொடுத்தா. அபூ மாஜித் என்ன சொன்னான் தெரியுமா? கார் இருக்கறது ரொம்ப வசதி, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடலாம்னான்."

ஹனாதி நடந்துபோய்ப் பென்டிரைவைப் பிடுங்கினாள். திரை நீலமாகிவிட்டது. பென்டிரைவில் விதையின் உப்பும் எண்ணெயும் பிசுபிசுத்தது. எத்தனை விரல் பட்டதோ. அதைக் கையில் வைத்திருப்பதே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என் ஓதல் பாடம் அதுல இருக்கே!"

"பாடத்தை வேற ஒண்ணுல போட்டுத் தர்றேன். இதை நீங்க ஓதறதுக்கு வெச்சிருந்தீங்க. இதைக் கொண்டு இப்படி ஒரு வேலை செய்ய உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?"

"என்ன செஞ்சுட்டேன்? ஹலாலா ஒரு கல்யாணம் பேசினது தப்பா?"

"என் போன்ல ஒண்ணும் இல்லை" என்றான் ஷிஹாப்.

யாரும் அவனைக் கேட்கவில்லை. ஹனாதி திரும்பிப் பார்த்தாள். அவன் கைபேசியை எடுத்து அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி விதையை எடுத்தான். உம்மு ஷிஹாபின் முகம் முதல்முறையாக மாறியது. "டேய்" என்றாள், மெதுவாக. அதைக் கேட்டு முடிக்க ஹனாதி நிற்கவில்லை.

காருக்குள் உட்கார்ந்து கையைத் தண்ணீர் பாட்டிலால் கழுவினாள். மறுபடி கழுவினாள். பிசுக்கு போன பிறகும் கழுவினாள். 'சொந்தக் கார்' என்று எழுதிய அந்தக் காரின் ஸ்டீயரிங்கைத் தொடக்கூட அருவருப்பாக இருந்தது. தன்னை ஒருத்தன் 'நிறுத்து' என்று சொன்னதை நினைத்தபோது மேலங்கியின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

ஆனால் அழவில்லை. அழுதுகொண்டிருந்தால் சேதி முந்திவிடும். இன்னொருத்தி வாயால் கேட்பதற்கு முன், தன் வாயால் சொல்லிவிடவேண்டும். 'உங்க பொண்ணு படத்தை நான் காப்பாத்தலை, என் வீட்டுக்குள்ளயே திருடன் இருந்தான், தெரியாமப் போச்சு' என்று உள்ளதை உள்ளபடி. அதற்குப் பிறகு யாரும் அவளை மண்டபத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். போகட்டும். ஆனால் நல்லவள், ஏமாந்துவிட்டாள் என்றாவது உம்மு நவ்ரஸ் நினைப்பாள். அந்த ஒருத்தி அப்படி நினைத்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

கைபேசியை எடுத்தாள். மணி அடித்தது. வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்கள்.

"மாமி, ஹனாதி பேசறேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கற வரைக்கும்—"

"தெரியும்" என்றாள் உம்மு நவ்ரஸ்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். குதைபா இங்கதான் இருக்கான். ஜும்ஆ முடிஞ்சு லுஜைனோட வாப்பாகூடவே வீட்டுக்கு வந்தான். வந்து உக்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிட்டான்."

ஹனாதி கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டானா? அவனே போய்ச் சொல்லிவிட்டானா? காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அசைந்து கொடுத்தது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன், பயந்தாவது உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

"என்ன சொன்னான் மாமி?"

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டேங்கறான், பாவம். அழறான் பையன். 'அக்கா தனியா இருக்கா, யாரோ மாப்பிள்ளை பார்த்துத் தர்றேன்னு ஆசை காட்டினாங்க, அதுக்காக எல்லாப் பொண்ணுங்க படத்தையும் தூக்கிக் குடுத்துட்டா, அவளைச் சபிச்சுடாதீங்க'ன்னு காலைப் பிடிக்காத குறை. நம்ம லுஜைன் படத்தை மட்டும் அவன்தான் கண்டுபிடிச்சுத் தனியா எடுத்து வெச்சுக் காப்பாத்தினானாம். எவன் கையிலயும் போக விடலையாம்."

"மாமி, அவன் பொய் சொல்றான். அவன்தான் பார்த்தான், அவன்தான் பேர் வெச்சான், என் கம்ப்யூட்டர்ல இன்னும்—"

"உன்னை என் வீட்டுக்குள்ள விட்டேன் ஹனாதி. என் பொண்ணுங்க உன் முன்னாடி எப்படி நின்னாங்கன்னு உனக்குத்தான் தெரியும். உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

சற்று முன் ஹனாதி உம்மு ஷிஹாபைக் கேட்ட அதே கேள்வி.

தொலைபேசிக்குப் பின்னால், அந்த வீட்டு முன்னறையில், ஒரு ஆண் குரல் தணிவாக ஏதோ சொல்வது கேட்டது. குவளையும் தட்டும் உரசும் ஓசை கேட்டது. ஹனாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊர் வழக்கப்படி, பெண்ணையோ பெரிதாக வேறொன்றையோ கேட்டு வந்தவன் கொடுத்த காப்பியைத் தொடாமல் கீழே வைப்பான். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாய் திறந்து சொன்னால்தான் எடுத்துக் குடிப்பான். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் அந்த வீடு வாக்கு மாறாது.

"மாமி, அவனுக்குக் காப்பி குடுத்தீங்களா?"

"குடுக்காம? தொடாம கீழே வெச்சுட்டான்."

"என்ன கேட்டான்?"

"வாயைத் திறந்து கேக்கக்கூட வெக்கப்பட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். லுஜைனோட வாப்பாவுக்குத் தாங்கலை. 'எங்க மானத்தைக் காப்பாத்தினவன் நீ, என்ன கேக்க வந்தியோ அது உனக்குத்தான், முதல்ல காப்பியை எடு'ன்னுட்டார்."

ஹனாதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எடுத்தானா?"

"எடுத்துக் குடிச்சுட்டான்" என்றாள் உம்மு நவ்ரஸ். போனை வைத்துவிட்டாள்.